மலை இறங்கும் காருக்கு நல்ல பிரேக்: வீட்டு வாசலிலேயே செய்து முடிக்க முழு வழிகாட்டி

கெந்திங் மலை உச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து சேரும்போது கார் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் இறங்கியிருக்கும். நான்கு பேரும் பைகளுமாக 1,200 கிலோ எடையுள்ள ஒரு மைவி என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். ஏழெட்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துப் பாத்திரம் காயும்வரை கொதிக்க விட்டால் எவ்வளவு வெப்பம் போகுமோ, அவ்வளவு. காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கின் தலையில்தான் விழும், அதிலும் பெரும்பகுதி முன்சக்கரங்கள் இரண்டில்.

பிரேக்கை நல்லதாக மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது சிவப்பு நிறக் கேலிப்பரும் துளை போட்ட டிஸ்க்கும்தான். (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். ஆயில் அழுத்தத்தில் பிஸ்டன் நகர்ந்து, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் கேலிப்பர்.) பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்து வயதான மைவிக்கோ சாகாவுக்கோ முதலில் வேண்டியது அதுவல்ல. புது பிரேக் ஆயில், தரமான பேட், நேரான டிஸ்க், கேலிப்பர் தடையில்லாமல் நகர வழிவிடும் ஸ்லைடு பின் என்ற தண்டு, சரியாக அட்ஜஸ்ட் செய்த பின்சக்கர டிரம் பிரேக், இவ்வளவும் சேர்ந்தாலே வேறு கார் ஓட்டுவது போலிருக்கும். நான் சொல்லப்போவது இந்த வேலையைத்தான். எல்லாம் கம்பெனி அளவிலேயே நடக்கும். பெரிய கேலிப்பர், பெரிய டிஸ்க் என்று போனால் முன்பின் பிரேக் சமநிலை மாறும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் கணக்கு மாறும், சில நேரம் ரிம்மே இடிக்கும். அதில் இறங்குவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம், அதாவது ஜேபிஜேயிடம், கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையில் தொடங்க வேண்டாம். எஞ்சின் ஆயில், டயர் என்று கை பழகிய பிறகு வாருங்கள். முதல் தடவை தெரிந்த ஃபோர்மன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

மலை இறங்கும்போது பிரேக் கைவிடுவது இரண்டு வகை. மிதி மெத்தென்று கீழே போய்க்கொண்டே இருந்தால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்திருக்கிறது என்று அர்த்தம். மிதி கல்லு மாதிரி இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறது, கருகிய வாசனையும் வருகிறது என்றால் பேட் தன் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. முதலாவதற்கு ஆயில் மருந்து, இரண்டாவதற்குப் பேட். இதைப் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்துப் பயனில்லை. இப்படி ஏற்கெனவே ஒருமுறை நடந்த கார் என்றால் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சில்லறை அறிகுறிகள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேட்டின் பொருள் ஓரிடத்தில் அதிகமாக ஒட்டியிருக்கும். கார் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கக் கேலிப்பரில் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கலாம். கீச்சென்று சத்தம் வந்தால் பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்லும் தகடு உரசிக்கொண்டிருக்கலாம். கரகரவென்று இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் அன்றைக்கே காரை நிறுத்திவிடுங்கள்.

என்ன வாங்குவது

பிரேக் ஆயிலில் இருந்து தொடங்குவோம், எல்லாரும் கடைசியாக நினைப்பது அதைத்தான். நம் கார்களில் இருப்பது கிளைக்கால் வகை ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 ஆகலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஈரம் ஏறியது என்று கணக்கிடுவது ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையை. மூன்றே முக்கால் சதவீதத்துக்குள் டாட் 4-இன் கொதிநிலை 75 டிகிரி விழுந்துவிடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மலையில் டிஸ்க் பல நூறு டிகிரி வரை போகும், அந்தச் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்குள் வரும்.

ஆகவே டாட் 4 வாங்குங்கள், கார் கையேடு தடுக்காத வரை. ஒரு லிட்டர் போதும். சீல் உடைக்காத டப்பா என்பது முக்கியம். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த மிச்சத்தை ஊற்றாதீர்கள், அது அங்கேயே ஈரம் குடித்துக்கொண்டிருந்திருக்கும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு சேராது. 5.1-ஐயும் 5-ஐயும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

பேட்டில் விலையை மட்டும் பார்க்காமல் ஓரத்தில் அச்சடித்த குறியீட்டைப் பாருங்கள். கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது குறைந்த சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டு எழுத்தும் எஃப் என்றிருந்தால் நகரத்துக்கும் மலைக்கும் பொருந்தும் நல்ல பேட். முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்றிருந்தால் சூடேறும்போது பிடி தளரும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. பந்தயப் பேட் வாங்காதீர்கள். சூடு ஏறாமல் அது சரியாகப் பிடிக்காது, ஜாலான் ஈப்போ நெரிசலில் அதற்கு எங்கே சூடேறும்?

டிஸ்க் துளையில்லாத சாதாரண வகையே போதும். உள்ளே காற்றோட்ட இடைவெளி உள்ள காருக்கு அதே வகையை வாங்குங்கள். துளை போட்ட டிஸ்க்கில் துளையைச் சுற்றி விரிசல் விடுவதுண்டு, அதுவும் மலிவான சரக்கு என்றால். டிஸ்க்கும் பேட்டும் எப்போதும் இடது வலது ஜோடியாகவே மாறட்டும். இரும்பு வலை சுற்றிய ஹோஸ் போட்டால் மிதி உறுதியாகத் தெரியும், நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிந்தால் மட்டும் அந்தச் செலவை யோசியுங்கள்.

இடமும் கருவியும்

கொண்டோ பார்க்கிங்கில் வேலை செய்ய நிர்வாகம் பெரும்பாலும் விடாது. தரை வீட்டுக்காரர்களுக்குப் போர்ச்சு இருக்கிறது, ஆனால் வழவழப்பான டைல்ஸில் ஜேக் வழுக்கும், டைல்ஸும் உடையும். கனமான பிளைவுட் ஒன்றை அடியில் போடுங்கள். சரிவான இடம் வேண்டவே வேண்டாம்.

ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். ஜேக்கை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஓட்டைச் செங்கல்லையும் சிமெண்ட் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அவை எச்சரிக்காமல் நொறுங்கும். வீல் நட்டுக்கு 21 மில்லிமீட்டர் சாக்கெட், கேலிப்பர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14, கேலிப்பர் மாட்டியிருக்கும் பிடிச்சட்டத்துக்கு 17, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிளுக்கு 8 அல்லது 10. டார்க் ரெஞ்ச், சி-கிளாம்ப், கம்பிப் பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஒரு பழைய போத்தல், கையுறை, மாஸ்க். பிரேக் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள். பழைய டிரம் பிரேக்கின் ஷூக்களில், அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைகளில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள்.

முன்சக்கரம்

வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட்பிரேக் மேலே. தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் சக்கரத்தைக் கழற்றி, காரின் கதவுக்குக் கீழே காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்ட் சரிந்தால் அது உயிரைக் காப்பாற்றும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் திறக்க வேண்டும். பாகம் எப்படி மாட்டியிருந்தது என்று குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும்.

கீழ் போல்ட்டைக் கழற்றினால் கேலிப்பர் கதவு மாதிரி மேலே திறக்கும் வகை பல. முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தால் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டுங்கள். பழைய பேட்டை வெளியே எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்புறப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்ப மறுக்கிறது. ஒரு முனையில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் பேட்டின் காது சட்டத்தில் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். கேலிப்பருக்கு என்ன வியாதி என்று பழைய பேட்டே சொல்லிவிடும், குப்பையில் போடும் அவசரம் வேண்டாம்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் நிப்பிளில் குழாயை மாட்டித் திறந்துவிடுங்கள். அழுக்கு ஆயில் பின்னோக்கி ஏபிஎஸ் வரை போகாமல் குழாய் வழியாகப் போத்தலுக்குப் போகட்டும். தள்ளி முடித்ததும் கிளாம்ப்பை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடுங்கள், இல்லையென்றால் காற்று உள்ளே வரும்.

பிடிச்சட்டத்தையும் கழற்றிய பிறகு டிஸ்க் கழல மறுத்தால் நடுவில் இரண்டு மரை துளை இருக்கிறதா பாருங்கள். பொருத்தமான போல்ட்டை மாறி மாறித் திருகினால் அதுவே தள்ளி வெளியே வரும். சுத்தியலுக்கு வேலை குறையும்.

இப்போது சொல்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும், போல்ட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தடித்திருக்கும். அதைக் கம்பிப் பிரஷால் வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும், விரல் நுனியை ஓட்டினால் எங்குமே தட்டக் கூடாது. அங்கே ஒரு துரு மணல் மிஞ்சினாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். டிஸ்க்கின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு ஆடினாலே போதும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் ஆட்டம் திரும்ப வந்துவிடும். புது டிஸ்க் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும், இரண்டு பக்கமும் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கனத்தை அளந்து, அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

ஸ்லைடு பின்னை இழுத்து எடுங்கள். நல்ல பின் விரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வரும். பழைய காரில் கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருக்கும். துடைத்து, துளைக்குள்ளும் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் பூசினால் ரப்பர் உறை ஊதிப்போகும். பல கார்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், மேலது கீழது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பேட்டோடு வரும் கிளிப்புகளை மாட்டி, காது உரசும் இடத்தில் மட்டும் கடுகளவு கிரீஸ் வைத்துப் பேட்டைச் சொருகுங்கள். உராயும் முகத்தில் கிரீஸ் கை படக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பின் டிரம்

இதை யாரும் திறப்பதே இல்லை. மிதி நீளமாகப் போகிறது என்று முன்பக்கத்தில் எல்லாம் மாற்றிவிட்டு, பின் ஷூ தள்ளி நிற்பதால்தான் மிதி போகிறது என்று கடைசியில் தெரிய வரும். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முன்போலவே காரைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் கசிந்திருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். தூசியைத் துடைத்து, அட்ஜஸ்டர் சக்கரம் துருவில்லாமல் சுழல்கிறதா பார்த்து, டிரம் மெல்ல உரசிக்கொண்டே சுழலும் அளவுக்கு ஷூவை விரியுங்கள். அதற்குப் பிறகே ஹேண்ட்பிரேக் கேபிளைத் தொடுவது. முதலில் கேபிளை இறுக்கிவிட்டால் அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்யாது.

ஆயில் மாற்றிக் காற்று எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சீட்டில் ஒருவர், சக்கரத்தருகே ஒருவர். பேச்சு ஒரே மாதிரி இருக்கட்டும், குழப்பம் வரக் கூடாது.

“தம்பி, அழுத்து.”

“அழுத்திட்டேன் அண்ணே.”

“விடாம பிடி… மூடிட்டேன். இப்ப விடு.”

அழுத்தியதும் நிப்பிளைத் திறக்க வேண்டும், மூடியது என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்றை விடப் பெரிய குமிழி உள்ளே வரும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய காரில், மிதி அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி பல ஆண்டாக உரசாமல் துருவேறியிருக்கும். மிதி தரைவரை போனால் சீல் அந்தக் கரடுமுரடில் கிழிந்து, வேலை முடிந்த மறுநாள் பிரேக் கசியும்.

எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும். பழைய வழக்கம் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது. ஏபிஎஸ் உள்ள காருக்குக் கையேட்டைப் பாருங்கள். பிரேக் ஆயில் டாங்கியில் ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவே கூடாது, நாலைந்து அழுத்தலுக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஊற்றாத நேரம் மூடியை மூடி வையுங்கள். குழாயில் முதலில் தேநீர் நிறத்தில் வரும், பிறகு வெளுக்கும், கடைசியில் குமிழியில்லாமல் டப்பாவில் இருந்த அதே நிறத்தில் வரும். அதுவரை நிறுத்தாதீர்கள். நிப்பிள் உள்ளே துளை உள்ள சின்ன போல்ட், முரட்டுத்தனமாக இறுக்கினால் முறிந்துவிடும். பெயிண்ட்டில் ஆயில் சிந்தினால் துடைப்பதை விட முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மிதி மெத்தென்றே இருந்தால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போயிருக்கலாம். அதை வீட்டில் எடுப்பது கஷ்டம், ஸ்கேன் கருவி உள்ள இடத்துக்குக் காரை டோவ் செய்து கொண்டுபோங்கள்.

ஓட்டுவதற்கு முன்னும் முதல் ஓட்டமும்

வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில அழுத்தலுக்குப் பிரேக்கே இருக்காது. இதை மறந்து ரிவர்ஸ் போட்டுக் கேட்டை இடித்தவர்கள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்தமாக அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, கார் நகரக் கூடாது. வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போது எதிரெதிராக இறுக்குங்கள். சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர், சரியான எண் கையேட்டில் இருக்கும்.

புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஞாயிறு விடியற்காலை, ஆளில்லாத நேரான சாலை. மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்து 20 வரை மிதமாக, தொடர்ந்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டிக் காற்று வாங்கவிட்டு மறுபடி. பத்து தடவை செய்தால் டிஸ்க் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறம் படியும். சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடி நின்றால் பேட்டின் பொருள் அந்த ஓரிடத்தில் அச்சுப் போல ஒட்டிக்கொள்ளும், ஆட்டம் அங்கிருந்து தொடங்கும். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். கையில் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இடது வலது டிஸ்க்கின் சூட்டை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் ரொம்ப அதிகமாகக் காட்டினால் அந்தக் கேலிப்பரின் பின்னைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் மலைப் பயணத்தைச் சுமையில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுச் சாலையே போதும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் நீண்ட சாலை அடுத்த கட்டம். இறக்கத்தில் தாழ்ந்த கியர் போடச் சொல்லிப் பலகை வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஆட்டோ கியர் என்றாலும் 3, 2, எல் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. மிதியில் காலை வைத்தபடியே தேய்த்துக்கொண்டு வருவதை விட, வேகம் ஏறும்போது ஒருமுறை உறுதியாக அழுத்திக் குறைத்துவிட்டு விடுவது டிஸ்க்குக்கு மூச்சுவிட நேரம் தரும். வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயில் மட்டத்தையும் வீல் நட்டுகளையும் நிப்பிள்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்பதையும் மறுபடி பாருங்கள். ஆயில் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி பிரேக் ஆயில் டாங்கி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாற்றம் இரண்டு ஆண்டில், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.